மிச்சமான நேரம் யார் கைக்குப் போனது?

"அந்தக் காலத்துல எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க" என்று யாராவது சொன்னால், எந்தக் காலம் என்று கேட்டுவிடுவது என் வழக்கம். வம்புக்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால். வடசென்னைக்காரர்களுக்கு இது சொந்த வீட்டுக் கேள்வி. எங்கள் ஊரை உண்டாக்கியதே இயந்திரம்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது. 1876-இல் பக்கிங்காம் மில், சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்திலேயே கர்நாடிக் மில். ஊரார் வாயில் இரண்டும் சேர்ந்து பின்னி மில். 1955-இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை, அறுபதுகளின் கடைசியில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். இதெல்லாம் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தவை மீனவக் குப்பங்கள், துணி வெளுப்பவர்களின் வண்ணாரப்பேட்டை, தோட்டங்கள், ஏரிகள். இன்று நாங்கள் குடியிருக்கும் தெருக்களில் பல, ஆலை வேலை தேடி வந்தவர்கள் குடிசை போட்டு உட்கார்ந்த இடங்கள்.

என் தாத்தாவும் நைனாவும் (அப்பாவும்) ஆலைத் தொழிலாளர்கள். ஆகவே, தொழிற்புரட்சிக்குப் பிறகு மனிதர்கள் அதிக சந்தோஷமாக ஆனார்களா என்று யாராவது கேட்டால், அது எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் என் காதில் விழுகிறது.

1876-இலேயே தொடங்கலாம். பக்கிங்காம் மில் தொடங்கிய அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில், குறைந்த கணக்கிலேயே 50 லட்சத்துக்கு மேல் செத்தார்கள். அதில் பெரும்பங்கு சென்னை மாகாணம். அப்போது ராயபுரத்து ரயிலுக்கு வயது 20. தண்டவாளம் இருந்தது, எஞ்சின் இருந்தது, ஓரிடத்துத் தானியத்தை இன்னோர் இடத்துக்குச் சில நாட்களில் கொண்டுபோகும் வசதி இருந்தது. ஆனால் சந்தையில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளர்களின் கொள்கை. எங்கே விலை அதிகமோ அங்கே தானியம் போனது. ஏற்றுமதியும் நிற்கவில்லை. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அடுக்கிக் கிடந்த காட்சி அந்தக் காலத்துப் படங்களில் இருக்கிறது. நகரத்துக்குப் பிழைக்க வந்த பட்டினிக் கூட்டத்தை நிவாரண வேலை என்ற பெயரில் மண் வெட்ட விட்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்படித்தான் உருவானது. அதற்குப் பிறகு கால்வாய் முழுவதற்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரையே வைத்தார்கள். மண் வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இதை வைத்து ரயிலைத் திட்ட நான் வரவில்லை. அதே ரயில்தான் இன்று பஞ்சாப் கோதுமையையும் ஆந்திர அரிசியையும் கொண்டுவந்து கிடங்கில் இறக்குகிறது. அங்கிருந்து வரும் அரிசி எங்கள் தெரு ரேஷன் கடையில் எடை போடப்படுகிறது. தாது வருஷத்தில் இருந்ததும் இதே தண்டவாளம்தான். தானியம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில், ஓட்டுப் போட்டு நாமும் கொஞ்சம் உள்ளே நுழைந்தோம். வித்தியாசம் அங்கேதான் வந்தது.

அடுத்து, எதற்காகவும் நான் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. என் ஆயா (பாட்டி) பெற்ற பிள்ளைகளில் பாதிதான் தங்கின. இரண்டு குழந்தைகள் ஒரே மழைக்காலத்தில் வாந்திபேதியில் போய்விட்டன. ஆயா முகத்தில் பெரியம்மைத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தக் குழிகளை விரலால் தடவுவேன். அந்தத் தழும்பு இல்லாத முதல் தலைமுறை நாங்கள். இந்தியாவில் பெரியம்மை 1975-இல் ஒழிந்தது. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதுக்குப் பக்கத்தில், இப்போது 70. கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது, குழாய் வந்தது, குளோரின் வந்தது, தடுப்பூசி வந்தது, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்ற எளிய மருந்து வந்தது. எங்கள் ஊரில் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர் திரும்பி வந்ததற்கு இவையெல்லாம் காரணம். பெற்ற பிள்ளையைப் புதைத்த ஒரு தாயிடம் போய், "அந்தக் காலம்தான் நல்ல காலம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆயா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஆயுள் நீண்டது என்றால் சந்தோஷம் நீண்டது என்று அர்த்தமா? அப்படி நேராகச் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே உயிரோடு இருக்க வேண்டும். மகிழ்ச்சிக் கணக்கெடுப்பில் செத்துப்போன குழந்தைகள் பதில் சொல்வதில்லை.

வீட்டுக்குள் வந்தால், எங்கள் அம்மாவின் கைகளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆட்டுக்கல், அம்மி, பம்ப் ஸ்டவ், அடிபம்பு, குடம். மாவாட்டுவது ஒரு வேலை, தண்ணீர் பிடிப்பது இன்னொரு வேலை, இரண்டுக்கும் நடுவில் எல்லா வேலையும். 2003, 2004 வறட்சியில் ராத்திரி எத்தனை மணிக்கு லாரி வரும் என்று தெரியாமல் தெருவே விழித்திருந்தது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். 2010-இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2019-இல் ஊரே வறண்டபோது வடசென்னையில் பல இடங்களுக்குக் கைகொடுத்தது அந்தத் தண்ணீர்தான். 2011-இல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. இலவசம் என்று கேலி பேசியவர்களில் பெரும்பாலோர் ஆட்டுக்கல்லில் கை வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1980-களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அடுப்பு, துவைக்கும் இயந்திரம் என்று வீட்டுக்குள் வந்த கருவிகள் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலையைக் குறைத்தன. விறகு பிளக்க வேண்டாம், வெளியே எடுபிடி வேண்டாம். இல்லத்தரசியின் நேரம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. துவைப்பது சுலபமானதும், தினமும் துவைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. முன்பெல்லாம் இட்லி ஞாயிற்றுக்கிழமைப் பலகாரம், இப்போது அன்றாடச் சாப்பாடு. அம்மாவிடம் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "கை வலி போச்சுப்பா. வேல எங்க போச்சு?"

அந்தப் பதிலின் முதல் பாதியை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். தோள்பட்டை வலி இல்லாமல் ராத்திரி தூங்குவது எந்த ஆய்வாளரின் அட்டவணையிலும் ஏறாத மகிழ்ச்சி. இரண்டாவது பாதிக்கு மிக்சி பதில் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் ஆண்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-களின் கடைசியில் இருந்து பல நாடுகளில் மக்களிடம் ஓர் ஏணியைக் காட்டினார். உச்சிப்படி 10, நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இந்தக் கேள்விதான் இன்றைக்கும் உலக மகிழ்ச்சி அறிக்கைக்கு அடிப்படை. 2024 அறிக்கையில் இந்தியாவுக்கு 126-ஆவது இடம். ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளாதார அறிஞர் 1974-இல் இந்த மாதிரித் தரவுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்து ஒரு புதிரை வைத்தார். ஒரு நாட்டுக்குள் பணக்காரர்கள் ஏழைகளைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவே மொத்தமாக வசதியானபோது மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்ப ஏறவில்லை. காரணம், மனிதன் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் தன் நிலையை அளக்கிறான் என்றார். இதை மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஈஸ்டர்லினின் அந்தக் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறோர் இடம். கான்ட்ரில் குழுவினர் இந்தியாவில் பேட்டி கண்டவர்களில் 40 வயதுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். கைத்தொழில் தெரிந்தவர், மாதச் சம்பளம் 30 டாலர். எதிர்காலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: நோய் எதுவும் வராமல் இருக்க வேண்டும், இப்போது இருமல் இருக்கிறது, ஒரு சைக்கிள் வாங்க வேண்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், படிக்க வைக்க என்னால் முடிய வேண்டும், எப்போதாவது ஒரு ஃபேன், முடிந்தால் ஒரு ரேடியோ.

அவர் எந்த ஊர்க்காரர் என்று அதில் இல்லை. பெரம்பூர்க்காரராக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. என் தாத்தாவின் ஆசைப் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். அதை எங்கள் தெருவில் வைத்துப் பார்க்கிறேன். சைக்கிள்? வீட்டுக்கு ஒரு பைக் நிற்கிறது. ஃபேன்? எல்லா வீட்டிலும், சில வீடுகளில் தவணையில் ஏசியும். ரேடியோ? அதைவிடப் பெரியது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பிள்ளைகள் படித்தார்களா? படித்தார்கள். எங்கள் தெருவில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், ஸ்டான்லியில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் இருக்கிறாள், வழக்கறிஞர் இருக்கிறார். அந்தத் தொழிலாளி கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது.

அவர் முதலில் சொன்னது மட்டும் பாக்கி நிற்கிறது. இருமல்.

எண்ணூர்ப் பக்கம் இதை விளக்கத் தேவையில்லை. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம்; நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பலாகவே மிஞ்சும். அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் பழசானால் கசியும். கசிந்தது கொசஸ்தலை ஆற்றில் இறங்கும், படியும், ஆற்றின் ஆழம் குறையும். கோடையில் குளம் காய்ந்தால் காற்றில் பறக்கும். அந்த ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற மக்கள் உண்டு. அவர்கள் கையில் இப்போது தட்டுப்படுவது சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அதை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கைக்குழந்தைகளோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். மின்சாரம் ஊர் முழுவதற்கும் போகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. என் வீட்டு ஃபேனும் அதில்தான் சுற்றுகிறது. எங்கே எரிப்பது, எங்கே கொட்டுவது என்று முடிவெடுத்த அறையில் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா என்பதுதான் என் கேள்வி. ஈஸ்டர்லின் சொன்ன ஒப்பீடு எங்களிடமும் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கட்டடங்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மனசு சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு விட முடியாதவன் ஏணியில் கீழே நிற்பதற்குப் பக்கத்து வீட்டைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

காசிமேட்டு விஷயம் இன்னும் கலவையானது. கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர்கள் ஃபைபர் படகுக்கும் விசைப்படகுக்கும் மாறினார்கள். வாடைக் காற்றையும் கொண்டல் காற்றையும் முகத்தில் உணர்ந்து கடலுக்குப் போன தலைமுறைக்குப் பிறகு ஜிபிஎஸ் வந்தது, மீன்கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவி வந்தது. புயல் எச்சரிக்கை செல்போனுக்கே வருகிறது. கரையில் காத்திருக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். அதே சமயம் படகு பெரிதாக ஆக, டீசல் செலவும் கடனும் பெரிதாயின. எல்லோரிடமும் அதே கருவி இருப்பதால் கடலில் மீன் ஒளிய இடமில்லாமல் போனது. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் வைத்துத்தான் மீனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தடைக்காலத்தை மீனவர்கள் பெரும்பாலும் மதிக்கிறார்கள். அதை நான் மரியாதையோடு பார்க்கிறேன், கருவியின் வேகத்துக்கு மனிதர்கள் தாங்களே ஓர் எல்லை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சாட்சி.

இன்னொரு பக்கம், இயந்திரம் வரவே வராத வேலைகளும் உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதை 2013-இல் சட்டம் தடைசெய்தது. இறங்கிச் சாவது இன்னும் நிற்கவில்லை. குழிக்குள் இறங்கும் கருவியைச் செய்வது கடினமான பொறியியல் இல்லை. இறங்குகிற உயிருக்கு என்ன விலை வைத்திருக்கிறோம் என்பதால் தாமதமாகிறது. தொழில்நுட்ப முன்னேற்றம் என்று பேசும்போதெல்லாம் இந்தக் குழிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்பாலை ஆண் தொழிலாளி நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதன் தொடக்கக் காலக் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளையாகக் கொடுக்கும் அரை மணி நேரம் போதவில்லை, கூட்டிக் கொடுங்கள். கை கழுவி, வரிசையில் நின்று, சோற்றை விழுங்கி ஓடுவதற்குள் சங்கு ஊதிவிடுகிறது. சம்பளத்துக்கும் மரியாதைக்கும் போராடியவர்கள், கூடவே நிமிஷங்களுக்கும் போராடினார்கள். 1921-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம், அதற்குள் சாதி புகுந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தது எல்லாம் தனியாக எழுத வேண்டிய துயரம். 1923 மே 1-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். பிறகு சட்டம் படிப்படியாக இறங்கி வந்தது. 1922-இல் வாரம் 60 மணி நேரம், 1934-இல் 54, அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில், 1946-இல், 48.

இந்த 60-க்கும் 48-க்கும் நடுவில்தான் வடசென்னையின் மாலை நேரம் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை முடிந்து வெளிச்சத்தோடு வீடு வரும் ஆண்கள் தெருவுக்குக் கிடைத்தபோதுதான் படிப்பகம் வந்தது, நாடக சபா வந்தது, கேரம் போர்டு வந்தது, குத்துச்சண்டை பயிற்சி வந்தது, வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து வந்தது. தாத்தா படிப்பகத்தில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாராம், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். நைனா முதல் ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு எனக்குக் கேரம் அடிக்கச் சொல்லிக் கொடுப்பார். ஆலைத் தறியின் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால் நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். ஆனாலும் அந்த மாலைகளில் அவர் முகத்தில் இருந்ததை சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இயந்திரம் ஒருநாளும் தானாக வந்து, "உனக்கு நாலு மணி நேரம் மிச்சம், எடுத்துக்கொள்" என்று சொன்னதில்லை. கேட்டு, அடிபட்டு, கூலி இழந்து வாங்கியது அது.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-இல் ஒரு கணிப்புச் சொன்னார். நூறு ஆண்டுகளில் உற்பத்தி இவ்வளவு பெருகும், வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்தால் போதும் என்று. உற்பத்தியைப் பற்றிய கணிப்பு பெருமளவு பலித்தது. நேரத்தைப் பற்றியது பலிக்கவில்லை. மிச்சமான நேரத்தை வாங்கித் தர ஆள் வேண்டும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னி மில் 1996-இல் மூடியது. நைனா வேலை பார்த்த ஆலையும் அதே பத்தாண்டில் நின்றது. எங்கள் வீட்டின் மிகத் துக்கமான காலம் இயந்திரம் வந்த காலம் இல்லை, அது நின்ற காலம். திடீரென்று நைனாவுக்கு நாள் முழுவதும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் கேரம் போர்டைத் தொடவே இல்லை. பிறகு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாகப் போனார், 12 மணி நேர வேலை. தாத்தாவின் தலைமுறை வாங்கிக் கொடுத்த 8 மணி நேரம் ஒரே ஆண்டில் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. இதைப் பார்த்த பிறகு, இயந்திரமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. இயந்திரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பவர்களோடும் முடியவில்லை.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நைனா இல்லை, இருந்திருந்தால் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பேன்.

ஆனால் எதிர்வீட்டுப் பையனுக்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. அவன் சாப்பாடு டெலிவரி செய்கிறான். காலை பதினொன்றுக்கு ஆப்பைத் திறந்தால் மூட ராத்திரி பதினொன்று ஆகும். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் காகிதத்தில் இருக்கும். இத்தனை ஆர்டர் முடித்தால்தான் இன்சென்டிவ், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆப்பை அணைத்தால் அன்றைய கணக்கு அடிபடும். ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோகிற பையன் நாலு மணிக்கு மூலக்கடைப் பக்கம் பைக்கில் உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பிரிக்கிறான். அவனுடைய போனும் பைக்கும் அவனுக்குப் பிடித்தவைதான். அவற்றால்தான் தங்கைக்குக் கல்லூரிப் பணம் கட்டுகிறான். தமிழ்நாட்டில் இவர்களுக்காக 2023-இல் நலவாரியம் வந்தது. 2025-இல் அண்ணா நகரில் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. இரண்டும் நல்ல விஷயம். ஆனால் 1918-இல் சோற்றுக்கு நேரம் கேட்டவர்களுக்கு யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தது, மானேஜர் ஆலைக்குள்தான் உட்கார்ந்திருந்தார். இவன் கேட்க வேண்டிய ஆள் போனுக்குள் இல்லை. புகார் சொல்ல ஆப்பில் ஒரு பட்டியல் வருகிறது, அதில் சாப்பாட்டு இடைவேளை என்று ஒரு வரி கிடையாது.

போன மாதம் அவனும் அவன் நண்பர்களும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடினார்கள். நலவாரியத்துக்கும் கம்பெனிக்கும் மனு எழுத வேண்டும், "அண்ணா, நீங்க எழுதித் தாங்க" என்றார்கள். மற்ற கோரிக்கைகளை அவர்களே வரிசையாகச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆப்பை அணைத்துவைக்க எவ்வளவு நேரம் கேட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தயக்கம். "அரை மணி நேரம் போதும்ணா, அதுக்கு மேல கேட்டா குடுக்க மாட்டாங்க" என்றான் அவன். பெரம்பூர்க் கதையை அவர்களுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தங்களுக்குள் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். மனுவில் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறோம்.